உன் விரலுக்குத் திறக்காத ஃபோன்

என் வாணிக் கண்ணு, அம்மாதான் எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து உன்னிடம் சொல்ல வேண்டியது நெஞ்சில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. நான் வேலை செய்கிற பி.ஜி. ஹாஸ்டல் சமையலறையில் வெங்காயம் அரியும்போது வாய்க்குள்ளேயே உன்னோடு பேசுகிறேன். பையன்கள் யாராவது "என்ன ஆன்ட்டி?" என்று கேட்டால் பாட்டு என்று சொல்லிவிடுகிறேன். மகளிர் சங்கத்தில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. ஊருக்கு எழுதுவது எப்படி என்று தெரியவில்லை. உனக்கென்றால் எழுத வரும். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் உனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் சம்பளத்தில் நீ வாங்கிய ஃபோனில் இருந்த ஒரு எழுத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது. நிம்மதியாக இரு.

அவன் என்று நான் சொல்வது உன்னைக் கட்டியவனை, குமரேசனை. மாப்பிள்ளை என்று கூப்பிட்ட வாய்தான் இது. நீ வீடு திரும்பிய அன்றைக்கே அந்த வார்த்தையைத் துப்பிவிட்டேன். அடி வாங்கிக் காது ஜவ்வு கிழிந்து, ஒரு துணிப்பையோடு பொம்மனஹள்ளிக்கு வந்தாய். "இங்க இருந்துக்கலாமாம்மா?" என்று வாசலிலேயே நின்று கேட்டாய். அதை நீ கேட்கலாமா? "உள்ள வந்து கை கால் கழுவு, ரசம் வெச்சிருக்கேன்" என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

அடிக்கிற கை எட்டாத இடத்துக்கு வந்துவிட்டாய் என்று நினைத்தேன். ஆனால் நீ ஹெப்பகோடி கம்பெனிக்கு பஸ் ஏறும் இடத்தில் அவன் நின்றான். பஸ்ஸை விட்டு ஆட்டோவில் போனாய், ஆட்டோ விட்டு இறங்கும் இடத்தில் நின்றான். அடுகோடியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாய். தெருமுனையில் தன் டாக்ஸியில் சாய்ந்துகொண்டு, "சித்தி வூட்ல என்னா சாப்பாடு?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் நீ அடியைவிட அதிகமாகப் பயந்தாய்.

நம்பரை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தோம். நம் தெருவில் எல்லாப் பெண்களும் அதைத்தான் செய்கிறார்கள். என் ஆதாரைக் காட்டி, என் கட்டைவிரலை வைத்து, என் பேரில் புது சிம் வாங்கினாய். அதைப் பழைய ஃபோனிலேயே போட்டாய். கல்யாணத்துக்கு அவன் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஃபோன். நல்லாத்தானே இருக்குது, எதுக்கு வீணாக்கறது என்று நானும்தான் சொன்னேன். மறுநாளே அவன் கோயில் வாசலில் நின்றான்.

யாரோ நம் பக்கத்தில் இருந்தே போட்டுக்கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினோம். கீழ்வீட்டு அக்கா எப்போது பார்த்தாலும் ஜன்னலில் நிற்பாள், அவளாகத்தான் இருக்கும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் கிழித்தோமே, நினைவிருக்கிறதா? அவள் குடத்தைக் கீழே வைத்தாள், தன் வேலையே தனக்கு அதிகம் என்று தமிழும் கன்னடமுமாகக் கத்தினாள்.

"ஏய், நான் என்னாத்துக்கும்மா உன் பொண்ணப் பத்திச் சொல்லப் போறேன்? நன்ன வேலையே நனகே ஜாஸ்தி! ஒன்ன மாதிரி எனக்கும் ரெண்டு கைதான்!"

பாவம், அவள் ஜன்னலில் நின்றது பால்காரர் வருகிறாரா என்று பார்க்க.

உண்மையைக் கண்டுபிடித்தவர் தெருமுனை ஃபோன் கடை பாய். ஃபோனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று அவரிடம் கொண்டுபோனோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஃபோன் யாரு மெயில்ல ஓடுது, தங்கச்சி?" என்று கேட்டார்.

"மெயிலா? நான் எதுவும் வெக்கலியே பாய்."

"குமரேசன்னு இருக்குது."

உன் முகம் வெளுத்துப்போனது. பாய் குரலைத் தணித்துச் சொன்னார். "சிம்ம மாத்துனது முன் கதவுக்குப் பூட்டு மாத்துன மாதிரி. பின் கதவு சாவி அவன்கிட்டயே இருக்குது. நீ எங்க போற, யாரு நம்பர் வெக்கிற, என்ன போட்டோ எடுக்கற, எல்லாம் அங்க குந்திக்கினே பாக்கலாம். இரு, இப்பவே அழிச்சி வுட்டுடறேன்."

நானாக இருந்தால் அந்த ஃபோனை அங்கேயே கல்லில் போட்டு உடைத்திருப்பேன். நீ, "வேணாம் பாய், இப்ப வேணாம்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாய். எனக்கு ஆத்திரம். தெருவில் வரும்போது ஃபோனைத் துப்பட்டாவில் சுற்றி, பைக்குள் அடியில் தள்ளிவிட்டு, என் காதில் சொன்னாய்.

"இது திடீர்னு அணைஞ்சா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்மா. அன்னிக்கே வந்து நிப்பான். மொதல்ல நான் எங்க போறதுன்னு முடிவாகட்டும். அப்புறமா அணைக்கலாம்."

என் வயிற்றில் பிறந்தவளா இது என்று பார்த்தேன். பயந்து நடுங்குகிற உடம்புக்குள் இவ்வளவு நிதானம் எங்கே ஒளிந்திருந்தது?

உங்கள் கம்பெனியில் ஃபோனை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனில் உட்கார வேண்டும். எல்லாரும் திட்டுகிற விதி. நீ அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டாய். காலையில் லாக்கரில் ஃபோனை வைத்துப் பூட்டினாய், உடம்பு சரியில்லை என்று பர்மிஷன் வாங்கினாய், பின்பக்க கேட்டால் வெளியே வந்தாய். அவன் திரையில் நீ ஹெப்பகோடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். நீயோ பெண்களுக்கு உதவி செய்கிற அலுவலகத்தில் வக்கீலம்மா எதிரில் உட்கார்ந்து காதைக் காட்டிக்கொண்டிருந்தாய். வேலை முடிகிற நேரத்துக்குத் திரும்பிப் போய் லாக்கரைத் திறந்து, மற்றவர்களோடு பஸ் ஏறினாய். அவன் உன் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வருகிற வரைக்கும் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் நீ ஹெப்பகோடியில் தனியாக ரூம் எடுத்துப் போன நாள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் பழைய ஃபோனை என்னிடம் கொடுத்து, "வேலைக்கு எடுத்துக்கினு போம்மா, எங்கயாவது வெச்சிடு" என்றாய். நான் பி.ஜி.யில் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். நீ அங்கே படுக்கை, பாத்திரம் எல்லாம் இறக்கிக்கொண்டிருந்தாய். இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் செருப்போடு சமையலறைக்குள் வந்து நின்றான்.

"எங்க அவ?"

"யாரு?"

"நடிக்காதீங்க. இங்கதான் இருக்கா. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று எப்படிச் சொல்வான்? பையன்கள் எல்லாரும் தட்டோடு வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன், "ஆன்ட்டி, அண்ணா புதுசா சேர வந்திருக்காரா? ரூம் காலி இல்லன்னு சொல்லிடுங்க" என்றான். மொத்த வரிசையும் சிரித்தது.

"சாம்பார் ஊத்தட்டுமா? இல்லன்னா வழிய வுடு, புள்ளைங்க பசியா நிக்கிறாங்க" என்றேன். கரண்டியைச் சாம்பாரில் விட்டுத் தூக்கிப் பிடித்தேன், வாணி. அவன் டிரம்மில் கை வைத்துத் தள்ளிவிட்டுப் போனான். தேடி வந்தது அதற்குள்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அந்த ஃபோனை வக்கீலம்மா மூலமாக அவனுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, உன் சம்பளத்தில் நீ ஒன்று வாங்கினாய். உன் பேரில் மெயில், என் பேரில் சிம். விரலை வைத்தால் திறக்கிற வசதி இருக்கிறது என்று பாய் பெருமையாகச் சொன்னபோது, "அது வேணாம் பாய், நம்பர் போதும்" என்றாய். ஏன் என்று பிறகுதான் என்னிடம் சொன்னாய். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் நீ அசந்து தூங்கும்போது, அவன் உன் கையை எடுத்து ஃபோனில் வைத்துத் திறப்பானாம். நீ கண் விழித்தால் பிரியமாகக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல உட்கார்ந்திருப்பானாம். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ அதோடு நிற்கவில்லை. உன் லைனில் வேலை பார்த்த மஞ்சுளா ஒருநாள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் குமரேசனோடு ஒரே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன், ஒரே குட்டையில் ஊறியவன். அவள் ஃபோனில் அனுப்புவது முழுவதையும் அந்தப்பக்கம் யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நீ கண்டுபிடித்தாய். அவள் வாட்ஸப் இன்னொரு இடத்திலும் ஓடிக்கொண்டிருந்ததாம். அவளிடமும் அதையேதான் சொன்னாய்: உடனே அணைக்காதே, முதலில் போகிற இடத்தைப் பார். அவள் இப்போது வேறொரு ஊரில் இருக்கிறாள். எந்த ஊர் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். என்னிடம்கூட நீ சொன்னதில்லை. "தெரியாதது நல்லதும்மா, கேட்டா உன் மொகமே சொல்லிடும்" என்றாய். வாஸ்தவம்தான்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கென்று ஒரு கதவு, ஒரு பூட்டு என்று நீ இருந்த காலம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் நீ சிரித்த சிரிப்பு எனக்குப் போதும். போதாது. சும்மா சொல்கிறேன்.

உன்னை வாசலில் கிடத்தியிருந்தபோது அவன் மாலையோடு வந்தான். நான் எழுந்தேன். உன் மாமா, என் அண்ணன், என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "சாவு வூட்டுக்கு வந்தவன வெரட்டக் கூடாது தனம்." அவன் உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உன் கைப்பை அங்கேதான் கிடந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

கோடித் துணி போடுகிற நேரம். பெண்கள் எல்லாரும் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவன் உன் கைமேல் கவிழ்ந்து கிடந்தான். துணிக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். உன் கட்டைவிரலை எடுத்து ஃபோனில் அழுத்திக்கொண்டிருந்தான். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு துணியால் உன் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும்.

உன் விரலுக்கு அது திறக்கவில்லை, வாணி. நம்பர் கேட்டது.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. என் பெண் செத்துக் கிடக்கிறாள், என் உடம்புக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருகிறது. இதற்கு என்ன பெயர் சொல்வது? அவன் ஏதோ நம்பரை அழுத்தினான். ஃபோன் தப்பு என்று உதறியது. இன்னொன்று அழுத்தினான், அதற்கும் உதறியது. கல்யாண நாளைப் போட்டிருப்பானோ? உன்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்த நம்பர் வேறு என்ன இருக்கிறது?

"என்னா பண்ற?" என்றேன்.

"போட்டோ பாக்கலாம்னு..."

"அவ கைய வுடு."

"நான் புருசன்."

"கைய வுடுடா!"

ஒப்பாரி நின்றுபோனது. உன் கையை வாங்கி உன் வயிற்றின்மேல் வைத்தேன், ஃபோனைப் பிடுங்கி என் இடுப்பில் செருகினேன். உன் மாமா சங்கடத்தோடு, "இந்த நேரத்துல என்னா தனம் இது? தாலி கட்டுனவன் கேக்கறான், குடுத்துடேன்" என்றார்.

"உசுரோட இருக்கும்போது அவ குடுக்கல. இப்ப நான் குடுத்துருவனா?" என்றேன். கீழ்வீட்டு அக்கா எழுந்து வந்து, எனக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். நாம் குழாயடியில் கிழித்தோமே, அதே அக்காதான்.

காரியம் முடிந்ததும் அவன் சும்மா இருக்கவில்லை. உன் நம்பருக்கு வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டு அலைந்திருக்கிறான். கடைசியில் பாய் கடைக்கே போனானாம். பாய் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "சிம்மு அம்மா பேர்ல இருக்குது, அம்மா நல்லா இருக்காங்க, நீ யாருப்பான்னு கேட்டேன்!" என் கட்டைவிரல் உனக்கு இப்படிக் காவல் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தோமா?

உன் ஃபோனுக்கு நான் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதே. ஒருநாள் அது அடித்தது. மஞ்சுளா. எடுத்ததும் உன் சேதி கேள்விப்பட்டேன் என்று அழுதாள், பிறகு அவசரமாகப் பேசினாள்.

"அம்மா, அந்த ஃபோன் யாருக்கும் குடுக்க பேடாம்மா, குடுத்துடாதீங்க. நான் எங்க இருக்கேன்னு அதுல இருக்கு. எங்க வீட்டுக்காரன்தான் குமரேசன ஏவி வுடறான். எனக்கு மட்டும் இல்ல, இன்னும் ரெண்டு மூணு ஹுடுகீருதும் அதுல இருக்கு."

இன்னும் சில பெண்கள்! எனக்குத் தெரியாமலே நீ எத்தனை பேரை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாய், கண்ணு?

அன்றைக்கே பாயிடம் போனேன். அவர் என்மேல் இரக்கப்பட்டு ஒன்று சொன்னார். மார்க்கெட்டில் ஒரு ஆள் இருக்கிறானாம், எந்தப் பூட்டையும் உடைத்துவிடுவானாம். முதலில் உன் போட்டோ, உன் குரல் எல்லாம் எடுத்துக்கொண்டு, பிறகு அழித்துக்கொள்ளலாமாம். என்னுடையது பட்டன் ஃபோன். உன் குரல் என்னிடம் ஒரு சொட்டுகூட இல்லை. பாய் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உனக்குத் தெரியும், எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று. ஒரே ஒரு தடவை, நீ "அம்மா" என்று சொல்வதைக் கேட்க.

ஆனால் திறக்கிறவன் ஒரு வேற்று ஆள். அவன் பார்ப்பான். நானும் பார்ப்பேன். நீ பூட்டி வைத்தது நாங்கள் திறந்து பார்க்க இல்லையே. பெற்றவளாக இருந்தாலும் அந்தப் பூட்டுக்கு நான் வெளி ஆள்தானே?

"அழிச்சிடு பாய்" என்றேன்.

"அம்மா, போனா திரும்பி வராது."

"தெரியும்."

பாய் ஃபோனை நிமிர்த்திப் பிடித்தார். பூட்டின்மேல் தெரிகிற படம் இருக்கிறதே, நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு உன்னை 'எடுக்காதடி' என்று திட்டுகிற படம், அதை மட்டும் தன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார். அதைப் பார்க்கப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. பிறகு எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினார். நானே அழுத்தினேன். கட்டைவிரலால். திரை கறுத்து, கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாகப் பிறந்ததுபோல விழித்தது. யாருடைய ஃபோன், அவருடைய பாஸ்வேர்டைப் போடு என்று கேட்டது. "இனிமே இது அவங்க வந்தாதான் திறக்கும்" என்றார் பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் மாமா அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "போட்டோவுக்காகத்தான் கேக்கறான்மா, பாவம். நமக்கெதுக்கு வம்பு" என்றார். நான் ஃபோனை எடுத்துவந்து அவன் கையில் வைத்தேன். அவனுக்கே நம்ப முடியவில்லை. அவசரமாக அழுத்திப் பார்த்தான்.

"என்னா இது? ஒண்ணுமே இல்ல?"

"நீ கேட்டது ஃபோன். அதான் குடுத்துட்டேன்."

"உள்ள இருந்ததெல்லாம்?"

"அது அவளோடது. அவ எடுத்துக்கினு போயிட்டா."

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கையில் ஃபோன் இருக்கிறது, திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். உன் மாமா எழுந்து சுவரைக் காட்டினார். "போட்டோதான கேட்ட? சுவத்துல மாட்டியிருக்குது, பாத்துட்டுக் கெளம்பு" என்று அவனிடம் சொன்னார். அண்ணனா பேசினார் என்று எனக்கே ஆச்சரியம். சுவரில் இருந்தது பாய் போட்டுக் கொடுத்த படம். கரண்டியோடு நான்தான் இருந்தேன். நீ படம் எடுத்தவள், அதில் இல்லை. அவன் பார்க்காமலே போனான்.

ஃபோனைக் கொடுப்பதற்கு முன்னாலேயே சிம்மை எடுத்து என் பட்டன் ஃபோனில் போட்டுவிட்டேன். சும்மா விட்டால் அந்த நம்பர் வேறு யாருக்காவது போய்விடும் என்று பாய் சொன்னார். உன்னை நம்பிக் கூப்பிடுகிறவளுக்கு யாரோ ஒருவன் எடுத்தால் என்ன ஆவது? அதனால் என் நம்பரை விட்டேன், உன்னுடையதை வைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு பெண் கூப்பிட்டாள். சின்னக் குரல்.

"வாணி அக்காவா?"

"அக்கா இல்லம்மா. அக்காவோட அம்மா பேசறேன்."

நான் அவள் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, யார் அடித்தது என்று கேட்கவில்லை.

"நீ இப்ப பேசற ஃபோன் யாரு வாங்கிக் குடுத்தது கண்ணு?"

"எங்க... வீட்டுக்காரரு."

"அப்ப வெச்சிடு. யாருன்னு கேட்டா ராங் நம்பர்னு சொல்லு. நாளைக்குக் கம்பெனில பக்கத்துல ஒக்கார்றவகிட்ட வாங்கிப் பேசு. நான் எங்கயும் போவ மாட்டேன்."

வைத்துவிட்டாள். அன்றைக்கும் மறுநாள் காலையிலும் என் உயிர் என்னிடம் இல்லை. மத்தியானம் பையன்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. வேறு நம்பர், அதே குரல். கரண்டியை வரிசையில் நின்ற பையனிடமே கொடுத்துவிட்டு, பின்வாசலுக்குப் போய் நின்று எடுத்தேன்.

வாணி, இந்த நம்பரை நான் அணைய விடமாட்டேன். என் காதில் விழுந்தது என்னோடு இருக்கும். முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று சொன்னாயே, அதற்கும் பழகிக்கொண்டு வருகிறேன்.

உன் நம்பரில் பேசிக்கொண்டிருக்கிற,
உன் அம்மா,
தனம்.